பாட்டை வைத்து எடுத்த சென்சஸ்

1981 சென்சஸ் வந்தபோது நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். வழக்கம்போல எங்களைத்தான் கணக்கெடுக்கப் பிடித்துப் போட்டார்கள். பகலில் வீடு வீடாகப் போவது பெரிய கஷ்டமில்லை. பிப்ரவரி 28-ஆம் தேதி ராத்திரி வீடில்லாதவர்களை எண்ண வேண்டும் என்றார்கள் பாருங்கள், அங்கேதான் திண்டாட்டம். பஸ் ஸ்டாண்டிலும் சத்திரத்துத் திண்ணையிலும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். போர்வைக்குள் இருப்பது ஒருவரா, இருவரா, பக்கத்தில் குழந்தை உண்டா என்று தெரியாது. தொட்டு எழுப்பவும் மனசு வராது. கூட வந்த சீனியர் வாத்தியார் மெதுவாகத் தொண்டையைக் கனைப்பார். உள்ளேயிருந்து ஒரு இருமல் வரும், அதற்குப் பின்னால் "யாருங்க?" என்று இன்னொரு குரல் வரும். "ரெண்டு பேர், எழுதிக்கோ தம்பி" என்பார். பெயர், ஊர் எல்லாம் அதற்கப்புறம்தான் கேட்போம்.

அதை அவருடைய சொந்தச் சாமர்த்தியம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்று, பொழுது போகப் பறவைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் பறவைக் கணக்கில் பெரும்பகுதி இந்த வழியில்தான் நடக்கிறது என்று தெரிந்தது. ஆளைப் பார்க்காமல் குரலை எண்ணுவது.

யோசித்துப் பார்த்தால் வேறு வழியும் இல்லை. வேப்பமரத்தில் குயில் கூவுவதை நாம் எல்லோரும் கேட்கிறோம், எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்? காட்டுக்குள் இன்னும் மோசம். பத்துப் பறவையில் ஒன்பதைக் காதால்தான் அறிய முடியும். நல்ல வேளையாக, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை சும்மா பாடுவதில்லை. "இந்த இடம் என்னுடையது" என்று எல்லை கட்டிக்கொண்டு பாடுகிறது. பக்கத்து ஆண் அந்த எல்லைக்குள் வராது. ஆகவே ஒரு குரல் என்றால் ஒரு ஆண், ஒரு பாத்தி நிலம். நடந்து கேட்ட நிலம் எவ்வளவு ஏக்கர் என்று தெரிந்தால், அதில் எத்தனை குரல் என்று வகுத்து அடர்த்தி போட்டுவிடலாம். கேட்கச் சுலபமாக இருக்கிறது. இந்த எளிய கணக்கு ஒரு பறவை இனத்தையே அழிவிலிருந்து மீட்க உதவிய கதை ஒன்று உண்டு. நடந்தது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில்.

பறவையின் பெயர் கிர்ட்லண்ட் கதிர்க்குருவி. சிட்டுக்குருவியைவிடச் சிறியது, எடை 14 கிராம் அளவுதான். முதுகு நீலச் சாம்பல், வயிறு மஞ்சள், விலாவில் கறுப்புக் கீற்றுகள், ஓயாமல் வாலை ஆட்டும். 1851 மே மாதம் கிளீவ்லண்ட் நகருக்குப் பக்கத்தில், டாக்டர் ஜாரெட் கிர்ட்லண்ட் என்பவரின் பண்ணையில் அவருடைய மருமகன் ஒன்றைச் சுட்டு எடுத்தார். அந்தக் காலத்தில் பறவை ஆராய்ச்சி என்றால் துப்பாக்கியோடுதான். இதுவரை யாரும் விவரிக்காத பறவை என்று தெரிந்ததும் டாக்டரின் பெயரையே வைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பத்து வருஷத்துக்கு முன்பே, 1841-ல், பஹாமா தீவுகளுக்கருகே கப்பலில் போய்க்கொண்டிருந்த ஒருவர் இதே பறவையைப் பிடித்துப் பதப்படுத்தி வைத்திருந்தார். அது இன்னதென்று யாருக்கும் தெரியாமல் சேகரிப்பில் கிடந்தது.

குளிர்காலத்தில் பஹாமாவில் இருக்கிறது என்பது போகப்போகத் தெரிந்தது. கூடு கட்டுவது எங்கே என்பதுதான் ஐம்பது வருஷத்துக்கு விடுகதை. 1903 ஜூனில் மிச்சிகனில் ஆ சாபிள் ஆற்றில் மீன் பிடிக்கப் போன இரண்டு பேர், கரையோரம் இதுவரை கேட்டறியாத பாட்டைக் கேட்டு, பாடிய பறவையைச் சுட்டு மிச்சிகன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பறவைகளைப் பதப்படுத்தும் வேலை பார்த்த நார்மன் உட் விஷயத்தைப் புரிந்துகொண்டார். ரயிலேறிப் போய், ஒரு படகை எடுத்துக்கொண்டு ஆற்றோடு இறங்கி, ஜூலையில் முதல் கூட்டைக் கண்டுபிடித்தார். பறவை இருக்கும் இடத்தையும் காதுதான் காட்டிக்கொடுத்திருக்கிறது, கவனியுங்கள்.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தக் குருவிக்கு இருக்கும் பிடிவாதம் வேறு எந்தப் பறவைக்கும் இருக்குமா என்று தெரியவில்லை. ஜாக் பைன் என்ற மரக்காட்டில்தான் கூடு கட்டும். அதுவும் வளர்ந்த காடு ஆகாது. ஆறேழு வயதிலிருந்து இருபது வயது வரையான இளம் மரங்கள், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய, கீழ்க்கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அந்தக் கிளைக்கு அடியில், தரையிலேதான் கூடு. மழைத் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதால் மண்ணும் நீரை உடனே உறிஞ்சிவிடும் மணலாக இருக்க வேண்டும். மரம் வயசாகிக் கீழ்க்கிளைகள் பட்டுப்போனால் குருவி அந்த இடத்தைக் காலி செய்துவிடும்.

சரி, இளம் காடு எப்படி உண்டாகும்? ஜாக் பைனின் காய்கள் பிசின் பூசி இறுக மூடியிருக்கும். தீயின் சூடு பட்டால்தான் வாய் திறந்து விதை சிந்தும். காடு எரிந்தால் புதுக் காடு வரும், புதுக் காடு வந்தால் குருவி வரும். ஆனால் மனிதர்கள் 1930-களிலிருந்து காட்டுத்தீயை வெகு திறமையாக அணைக்கக் கற்றுக்கொண்டார்கள். நல்ல காரியம்தானே என்று யாருக்கும் தோன்றும். குருவிக்கு அது வீட்டு வாடகைதாரரைக் காலி செய்யச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

இந்த நிலையில்தான் ஹெரால்ட் மேஃபீல்ட் வருகிறார். இவர் விஞ்ஞானி உத்தியோகம் பார்த்தவர் அல்ல. ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரில் கம்பெனி உத்தியோகம். பறவை ஆராய்ச்சி லீவு நாளில்தான். இந்த இனம் முழுவதையும் எண்ணிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. காரணம் இரண்டு. ஒன்று, 1903-ல் கூடு கிடைத்த இடத்தைச் சுற்றி அறுபது மைலுக்குள்தான் ஏறக்குறைய எல்லாக் கூடுகளும் இருந்தன. உலகத்தில் வேறெங்கும் இல்லை. இரண்டாவது, ஆணின் பாட்டு கணீரென்று இருக்கும். காற்றில்லாத காலையில் கால் மைல் தூரம் கேட்கும். நிமிடத்துக்குப் பல தடவை பாடும்.

1951 ஜூனில் முதல் கணக்கெடுப்பு. நம் நாட்டில் சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் சென்சஸும் அதே வருஷம்தான். ஒரு பாட்டுப்பறவை இனத்தின் மொத்த ஜனத்தொகையையும் எண்ணிப் பார்த்தது அதுவே முதல் முறை என்கிறார்கள். வனத்துறை வரைபடத்தில் சரியான வயது ஜாக் பைன் எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டார்கள். பிறகு ஆட்களைப் பிரித்து அனுப்பினார்கள்.

எண்ணும் முறை ரொம்பக் கறாரானது. பறவைகள் வந்து எல்லை பிரித்துக்கொண்டு, இன்னும் குஞ்சுக்கு இரை தேடும் மும்முரம் தொடங்காத ஜூன் முதல் பாதிதான் காலம். விடிந்ததிலிருந்து பதினோரு மணிக்குள் முடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் பாட்டுக் குறையும். மழை பெய்தாலோ காற்று அடித்தாலோ அன்று வேலை கிடையாது. ஆட்கள் சம இடைவெளி விட்டு, வரிசையாக, காட்டுக்குள் நேர்கோட்டில் நடப்பார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை நின்று சில நிமிடம் காது கொடுப்பார்கள். குரல் வந்தால் காம்பஸ் வைத்து எந்தத் திசை என்று வரைபடத்தில் கோடு போடுவார்கள். பக்கத்து வரிசையில் நடப்பவர் அதே குரலுக்கு அவர் இடத்திலிருந்து ஒரு கோடு போடுவார். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் குருவி. மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்து தாள்களை ஒத்துப் பார்க்கும்போது ஒரே குருவியை இரண்டு பேர் எழுதியிருந்தால் அடித்துவிடுவார்கள். இரண்டு குரல் ஒரே நேரத்தில் கேட்டால் சந்தேகமே இல்லை, இரண்டுதான். பஸ் ஸ்டாண்டில் எங்கள் சீனியர் செய்ததும் இதுதான்.

1951 கணக்கு: பாடும் ஆண்கள் 432. பெண் பறவை பாடாது, தட்டுப்படுவதும் அபூர்வம். ஆணுக்கு ஒரு பெண் என்று வைத்து இரண்டால் பெருக்கினால் 864. ஒரு இனத்தின் மொத்த எண்ணிக்கை ஒரு நடுத்தரக் கிராமத்தின் ஜனத்தொகை கூட இல்லை.

நம் சென்சஸ் போலவே பத்து வருஷத்துக்கு ஒரு முறை எண்ணுவது என்று வைத்துக்கொண்டார்கள். 1961-ல் 502 ஆண்கள். பரவாயில்லை, கூடியிருக்கிறது என்று எல்லோருக்கும் நிம்மதி. குருவிக்கென்று தனியாகக் காட்டுப் பகுதிகளும் ஒதுக்கப்பட்டன.

1971-ல் மூன்றாவது கணக்கு. 201.

பத்து வருஷத்தில் அறுபது சதவீதம் போய்விட்டது. இடையில் யாருக்கும் இது தெரியவில்லை என்பதுதான் இதில் பயங்கரம். காட்டுக்குப் போனவர்களுக்கு அப்போதும் குருவியின் பாட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 201 குரல் என்பது கேட்பவர் காதுக்குக் குறைவாகத் தோன்றாது. 432, 502 என்ற பழைய இரண்டு எண்கள் காகிதத்தில் இல்லாமல் இருந்திருந்தால், 201 என்பதும் ஒரு எண்ணாக மட்டுமே இருந்திருக்கும். "அந்தக் காலத்தில் நிறைய இருந்தது" என்று பெரியவர்கள் சொல்வதை யார் நம்புகிறார்கள்? நாமும் சிட்டுக்குருவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். நம்மிடம் பழைய கணக்கு இல்லை.

முக்கியமான எதிரி யார் என்பது மேஃபீல்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. கௌபேர்டு என்றொரு பறவை, மாட்டுக்குருவி என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்க் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது போல இது அடுத்தவர் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். நம் காக்கை பெரிய ஆள், குயில் குஞ்சையும் வளர்த்துத் தன் குஞ்சையும் ஒன்றிரண்டு காப்பாற்றிக்கொள்ளும். 14 கிராம் குருவியால் முடியுமா? மாட்டுக்குருவிக் குஞ்சு முதலில் பொரித்து, வேகமாகப் பெருத்து, இரை முழுவதையும் பிடுங்கிக்கொள்ளும். மாட்டுக்குருவி பூர்வீகத்தில் மிச்சிகன்காரன் இல்லை. மேற்கே சமவெளியில் காட்டெருமை மந்தைகளின் பின்னால் பூச்சி பொறுக்கித் திரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடுகளை வெட்டி விவசாய நிலமாக்கியபோது அது கிழக்கே பரவியது. 1960-களின் கடைசியில் கதிர்க்குருவிக் கூடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாட்டுக்குருவி முட்டை இருந்தது. ஒரு ஜோடி ஒரு வருஷத்தில் சராசரியாக ஒரு குஞ்சைக் கூட வளர்த்து அனுப்பவில்லை.

இங்கே மேஃபீல்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆராய்ச்சியாளர் கண்ணில் படுவது தப்பிப் பிழைத்த கூடுதான், கட்டிய மூன்றாம் நாளே அழிந்த கூடு கணக்கிலேயே வராது, அதனால் வெற்றி விகிதம் எப்போதும் கூடுதலாகத் தெரியும் என்று இவர் கண்டுபிடித்தார். கூடுகளை எண்ணாமல், கூட்டைக் கண்காணித்த நாட்களை எண்ணிக் கணக்குப் போடும் வழியை 1961-ல் எழுதினார். உலகமெங்கும் பறவை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதை மேஃபீல்ட் முறை என்றே சொல்கிறார்கள். லீவு நாள் ஆராய்ச்சியாளருக்கு இது போதாதா!

201 என்ற எண் வந்த மறு வருஷமே, 1972-ல், மாட்டுக்குருவிகளைப் பொறி வைத்துப் பிடிக்க ஆரம்பித்தார்கள். கம்பிவலைக் கூண்டு, உள்ளே தானியம், அழைப்புக்கு உயிரோடு சில மாட்டுக்குருவிகள். சராசரியாக வருஷத்துக்கு நாலாயிரம் பிடித்துக் கொன்றார்கள். ஒரு பறவைக்காக இன்னொரு பறவையைக் கொல்வதா என்று எனக்கும் படிக்கும்போது நெருடியது. இன்றும் நெருடுகிறது. ஆனால் பலன் உடனே தெரிந்தது. கூடுகளில் மாட்டுக்குருவி முட்டை நூற்றுக்கு மூன்று என்ற அளவுக்கு இறங்கியது. ஒரு ஜோடிக்கு மூன்று குஞ்சு வரை தேறின.

கணக்கெடுப்பையும் பத்து வருஷத்துக்கு ஒன்று என்பதிலிருந்து வருஷா வருஷம் என்று மாற்றினார்கள். ஆண்டுதோறும் ஜூனில் அதே நடை. அந்த எண்கள்தான் அடுத்த புதிரைக் கொண்டுவந்தன. 1974-ல் 167. அப்புறம் இருநூறைச் சுற்றி மேலும் கீழுமாக ஊசலாட்டம். 1987-ல் மறுபடியும் 167. குஞ்சுகள் பிழைக்கின்றன, ஆனால் கூட்டம் கூடவில்லை. வீடு இல்லை என்பதுதான் காரணம். சரியான வயதுக் காடு போதவில்லை.

காடு உண்டாக்கத் தீ வேண்டும். 1980 மே 5-ஆம் தேதி, மையோ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், குருவிக்காகவே வனத்துறை திட்டமிட்டு ஒரு சிறு பகுதியைக் கொளுத்தியது. காற்று மாறியது. தீ நெடுஞ்சாலையைத் தாண்டிக் குதித்து மேக் லேக் பகுதியைச் சூழ்ந்தது. 24,000 ஏக்கர் எரிந்தது. 44 வீடுகளும் கட்டடங்களும் போயின. தீயணைக்கப் போன வனத்துறை இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். ஒரு குருவிக்காகவா இதெல்லாம் என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டிருந்தால் பதில் சொல்ல நமக்கு வாய் வராது.

எரிந்த இடத்தில் ஜாக் பைன் முளைத்தது. ஏழெட்டு வருஷத்தில் ஆள் உயரம் வந்தது. ஜூன் மாதத்துத் தாள்களில் எண்கள் நகர ஆரம்பித்தன. 1989-ல் 212, 1990-ல் 265, 1992-ல் 397, 1994-ல் 633. புதுக் குரல்களில் பெரும்பகுதி அந்தத் தீ தின்ற நிலத்திலிருந்து வந்தது. திட்டமிட்டுக் கொளுத்துவதை அதற்குப் பின் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். முற்றிய மரத்தை வெட்டி விற்று, அந்த நிலத்தில் நாற்று நடுகிறார்கள். நடுவில் திட்டுத்திட்டாக வெற்றிடமும் விடுகிறார்கள், எரிந்த காடு மாதிரியே இருப்பதற்காக. ஆண்டுக்கு மூவாயிரம் ஏக்கருக்கு மேல்.

குரல் கணக்கில் உள்ள ஓட்டையையும் சொல்லாமல் விட்டால் நான் கணக்கெடுத்தவன் என்பதில் அர்த்தமில்லை. ஆணுக்கு ஒரு பெண் என்று இரண்டால் பெருக்கினார்கள் அல்லவா? எண்ணிக்கை தேங்கிக் கிடந்த வருஷங்களில் ஜான் பிராப்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் அதைத் துருவிப் பார்த்தார். அடர்த்தியான நல்ல காட்டில் ஏறக்குறைய எல்லா ஆணுக்கும் துணை இருந்தது. மரம் சொற்பமாக இருந்த அரைகுறை இடங்களில் பாடிய ஆண்களில் நிறையப் பேர் ஒற்றைக்கட்டை. சிக்கல் என்னவென்றால், துணை கிடைத்த ஆண் பாட்டைக் குறைத்துக்கொள்ளும். கிடைக்காதது விடாமல் பாடும். ஆகவே எண்ணுகிறவர் காதில் பலமாக விழுவது குடும்பமில்லாத குரல்! (வீட்டில் இதைப் படித்துக் காட்டினேன். "இது பறவைக்கு மட்டுமா?" என்றார்கள். மேற்கொண்டு நான் பேசவில்லை.)

அப்படியானால் 167 என்றபோது உண்மையான ஜோடிகள் அதைவிடக் குறைவு. நிலைமை எண் காட்டியதைவிட மோசமாகத்தான் இருந்திருக்கிறது. ஆனாலும் வருஷா வருஷம் ஒரே முறையில், ஒரே மாதத்தில், ஒரே மாதிரி நடந்து எண்ணியதால், தவறும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க அது போதும். மொத்தம் எத்தனை என்று அடித்துச் சொல்லத்தான் போதாது.

2001-ல் 1,085 ஆண்கள். ஆயிரம் ஜோடி என்று மீட்புத் திட்டத்தில் இலக்கு வைத்திருந்தார்கள், அதைத் தொட்டாயிற்று. 2007-ல் பக்கத்து மாநிலமான விஸ்கான்ஸினிலும், எல்லை தாண்டி கனடாவிலும் கூடு கட்டியிருப்பது தெரிந்தது. 432 என்று முதல் எண்ணை எழுதிய மேஃபீல்ட் அந்த வருஷ ஜனவரியில், 95 வயதில் காலமானார். ஆயிரத்தைத் தாண்டியதை அவர் பார்த்துவிட்டார். 2012-ல் எண்ணிக்கை இரண்டாயிரத்தைக் கடந்தது. 2019 அக்டோபரில், அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலிலிருந்து அமெரிக்க அரசு இதன் பெயரை நீக்கியது.

மாட்டுக்குருவிப் பொறிகளைப் பற்றி என்னைப் போல நெருடலோடு படித்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2015-லிருந்து சில பகுதிகளில் பொறிகளை மூடிவைத்துச் சோதித்தார்கள். கூடுகளில் மாட்டுக்குருவி முட்டை நூற்றுக்கு ஒன்று கூட ஏறவில்லை. அந்த வட்டாரத்தில் மாட்டுக்குருவியே குறைந்துபோயிருந்தது. 2018-ல் பொறி வைப்பதை நிறுத்திவிட்டார்கள். கணக்கெடுப்பு மட்டும் நிற்கவில்லை, இப்போது ஒவ்வொரு வருஷமும் இல்லை, அவ்வளவுதான். 2021 ஜூனில் மறுபடி நடந்து எண்ணினார்கள். 2,245 ஜோடி என்று கணக்கு வந்தது.